நீலக் கட்டம்

அந்தச் சேர்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வாங்க. பையைக் கீழ வைக்காதீங்க, எட்டரைக்குத் தரை துடைக்க வருவாங்க, ஈரமாயிடும். கையில இருக்கிற அந்த மஞ்சத் தாளையும் மடிச்சு உள்ள வச்சிடுங்க. முதல் நாள் நிறையத் தாள் கொடுப்பாங்க. எல்லாத்தையும் இன்னிக்கே படிச்சு முடிக்கணும்னு இல்ல.

முதல் நாள்தானே? பார்த்தாலே தெரியுது. முதல் நாள் வர்றவங்க அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நாலு மணி நேரம் ஆகும், நீங்க பார்த்தாலும் ஆகும், பார்க்காட்டியும் ஆகும். பயப்படாதீங்க. ரத்தம் ஒரு குழாய்ல வெளிய வரும், மெஷின்ல சுத்தமாகி இன்னொரு குழாய்ல உள்ள போகும். அவ்வளவுதான் டயாலிசிஸ். நான் ரெண்டு வருஷமா பார்க்கிறேன். திங்கள், புதன், வெள்ளி, காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு.

எதுல வந்தீங்க? ஆட்டோவா? நல்லதாப் போச்சு. வண்டின்னா இங்க பெரிய பாடு. வர்றப்ப பார்த்திருப்பீங்களே, வாசல் சாய்வுப் பாதையை ஒட்டி நீலக் கலர்ல ஒரு கட்டம் போட்டிருக்கும், நடுவுல சக்கர நாற்காலி படம். அதுல ஒரு வெள்ளைக் கார் நிக்குதில்ல? அது எங்களோடதுதான்.

உங்க வீட்டுக்காரருக்கு நடக்கிறதுல ஒண்ணும் சிரமம் இல்லையே? மாற்றுத்திறனாளி அட்டை அது இதுன்னு... இல்லையா. சரி, சரி. சும்மாதான் கேட்டேன்.

எங்க வீட்டுக்காரர் பேரு திருநாவுக்கரசு. பாலிடெக்னிக்ல டிராயிங் வாத்தியார். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் திருச்சி ஜங்ஷன்லயே பஸ் சக்கரம் ஏறி இடது கால் போச்சு, முட்டிக்குக் கீழ. செயற்கைக் கால் மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டேதான் பாடம் நடத்துவார், உக்காரவே மாட்டார். சாயங்காலம் வந்தா வலி தாங்காது. நான்தான் முக்குல இருக்கிற மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டு வருவேன். தினமும் ஒண்ணு, சில நாள் ரெண்டு. அது கிட்னியைக் கெடுக்கும்னு யாருக்குத் தெரியும்? பெரிய டாக்டர் எத்தனை வருஷமா போடுறீங்கன்னு மட்டும்தான் கேட்டார். யார் வாங்கிக் கொடுத்தாங்கன்னு கேக்கல.

அதுக்குப் பிறகுதான் நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டது, நாப்பத்தியோரு வயசுல. டிரைவிங் ஸ்கூல்ல எல்லாம் காலேஜ் பசங்க, நடுவுல நான். என் தங்கச்சி சிரிச்சா. சிரிக்கட்டுமே, அவ புருஷனுக்கு அவ ஒரு தோசை ஊத்திக் கொடுத்தது கிடையாது.

ஏன் அந்தக் கட்டம் முக்கியம்னு கேளுங்க. டயாலிசிஸ்ல உடம்புல தங்கின தண்ணியை எல்லாம் எடுத்துடுவாங்க. ரெண்டு கிலோ, மூணு கிலோ. உடம்பு வத்தினா வெட்டினது போக மிச்சம் இருக்கிற காலும் வத்தும். காலைல இறுக்கமா இருந்த செயற்கைக் கால் பத்து மணிக்கு லொடலொடன்னு ஆடும். சாக்ஸு மேல சாக்ஸு போட்டு மாட்டணும். பிரஷரும் இறங்கியிருக்கும், தலை சுத்தும். அந்த நிலைமையில அவர் எவ்வளவு தூரம் நடப்பார் சொல்லுங்க. மத்த காரெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய லாரி ஷெட் மைதானத்துலதான் விடணும், இவங்க புது லேப் கட்டடம் இருக்கே, அதை ஒட்டி. இந்த வாசல்லேருந்து அங்க நானூத்திப் பன்னெண்டு அடி. ஒரு நாள் எண்ணியே பார்த்துட்டேன்.

இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டருங்க காருக்கு எட்டு இடம். அட்டை வச்சிருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு கட்டம். சரி, ஒண்ணு போதும்னுதான் நானும் இருந்தேன். முதல் வருஷம் முழுக்க அது எங்க இடம். வாசல்ல காவலுக்கு இருக்கிற காதர் பாய் என் வண்டி திரும்புறப்பவே விசில் ஊதி வழி விடுவார். "வாங்கம்மா, உங்க வீட்டு வாசல் காலியாத்தான் இருக்கு"ம்பார்.

அப்பத்தான் ஜெசிந்தா வந்தா.

அவளும் மூணு நாள், அதே ஷிஃப்ட்டு. ஒரு பழைய ஆம்னி வேன். அவ வீட்டுக்காரர் அருளப்பன், பொன்மலைப் பக்கம் சவுண்டு சர்வீஸ் வச்சிருந்தவர். சின்ன வயசுல போலியோ, ஒரு கால் சூம்பி இருக்கும், கட்டை வச்சு நடப்பார். முன் கண்ணாடியில அவங்களும் அட்டை ஒட்டியிருந்தாங்க, பக்கத்துலயே ஒரு மாதா படம்.

முதல் தடவை என் இடத்துல அந்த வேன் நின்னதைப் பார்த்தப்ப வண்டியை நடு ரோட்டுலயே விட்டுட்டு இறங்கிட்டேன். காதர் பாய்கிட்ட கேட்டேன். "நான் என்னம்மா பண்றது, அவங்ககிட்டயும் அட்டை இருக்கு. முதல்ல வர்றவங்களுக்கு முதல் இடம்"னுட்டார். ஒரு வருஷம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பலகாரம் வாங்கித் தின்ன மனுசன்.

சரி, முதல்ல வர்றவங்களுக்குத்தானே? நான் அஞ்சரைக்கு வந்தேன். அவ அஞ்சேகாலுக்கு வந்தா. நான் அஞ்சுக்கு. அவளும் அஞ்சு. அப்புறம் நாலே முக்கால். காதர் பாய் தலையில அடிச்சுக்கிட்டார். "நீங்க ரெண்டு பேரும் முந்தின நாளே வந்துடுங்கம்மா, ஆளுக்கொரு கட்டில் போட்டுத் தரேன்."

எங்க வீட்டுக்காரர் மட்டும் முனகுவார். "கொஞ்சம் தூங்க விடேன் தேனு, மைதானத்துலேருந்து மெதுவா நடந்துக்கலாம்." நான் விட மாட்டேன். "உங்களுக்காகத்தானே இவ்வளவும்?"னு எழுப்பி விட்டுடுவேன். வந்து கட்டத்துல நிறுத்திட்டா ஒரு மணி நேரம் கார்லயே தூங்குவார். கழுத்து ஒரு பக்கமா தொங்கும். தூங்கட்டும், என்ன இப்போ? நாலடி நடந்தா உள்ள போயிடலாமே.

பொறாமைன்னு நினைச்சுடாதீங்க. எனக்கு யார் மேலயும் அதெல்லாம் கிடையாது. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல, அதைத்தான் சொல்றேன்.

ஒரு நாள் எனக்கு டயர் பஞ்சர். வந்து சேர ஆறே கால் ஆயிடுச்சு. கட்டத்துல அவ வேன். நான் வாசல்லயே முழிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ உள்ளேருந்து ஓடி வர்றா. "அக்கா, இருங்க, நான் எடுத்துடுறேன். சார் இன்னிக்கு ரொம்ப வீங்கியிருக்கார்"னு சொல்லிட்டு வேனை எடுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போயிட்டா. எல்லாரும் பார்த்தாங்க. அதுக்குத்தானே பண்ணினது. எங்க வீட்டுக்காரர் அன்னிக்குப் பூரா அதையே சொல்லிக்கிட்டு இருந்தார். "எவ்வளவு பெரிய மனசு அந்தப் பொண்ணுக்கு!" நான் மாசக்கணக்கா அஞ்சு மணிக்கு வர்றேனே, அதுக்கு ஒரு நாளாவது மனசு கினசுன்னு ஏதாவது சொல்லியிருக்கணுமா இல்லையா?

சரி, வெளியதான் இப்படி. உள்ள என்ன நடந்துச்சு தெரியுமா? எங்க வீட்டுக்காரருக்கு ஏழாவது கட்டில், அருளப்பனுக்கு எட்டாவது. ரெண்டு பேரும் அப்படிச் சேந்துக்கிட்டாங்க. அந்தக் கதவுல வட்டமா ஒரு கண்ணாடி இருக்கு பாருங்க, அது வழியா நான் பார்ப்பேன். அருளப்பன் ஏதோ சொல்வார், இவர் சிரிப்பார். பல் தெரிய, தோள் குலுங்க. வீட்டுல இந்த மனுசன் சிரிச்சு நான் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! என்ன பேசினீங்கன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல, தண்ணியைப் பத்தி"ம்பார்.

தண்ணியைப் பத்தி பேச என்ன இருக்குன்னு உங்களுக்குத் தோணும். போகப் போகத் தெரியும். ஒரு நாளைக்கு மூணு டம்ளருக்கு மேல கொடுக்கக் கூடாது. காப்பி, ரசம் எல்லாம் சேத்து அவ்வளவுதான். நான் அளந்துதான் கொடுப்பேன், ஒரு சொட்டு கூட விட மாட்டேன். இவங்க ரெண்டு பேரும் கட்டில்ல படுத்துக்கிட்டு, புது கிட்னி வந்தா முதல்ல எந்தத் தண்ணி குடிக்கிறதுன்னு பேசிக்குவாங்களாம். அருளப்பன் சொல்வாராம், "சார், ஒரு சொம்பு பானைத் தண்ணி. நின்னுக்கிட்டே, அண்ணாந்து, சட்டை நனைய நனைய." இவர், "எனக்கு சொம்பெல்லாம் வேண்டாம்ப்பா, குழாயிலயே வாயை வச்சிடுவேன்"பாராம். இதை எனக்குச் சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? ஜெசிந்தா! என் புருஷன் மனசுல இருக்கிறதை அவ வந்து எனக்குச் சொல்றா.

அதுவும் போகட்டும். முட்டை வெள்ளைக்கரு கொடுக்கச் சொல்வாங்க, உங்களுக்கும் சொல்வாங்க. நான் தினமும் உப்பில்லாம அவிச்சுக் கொண்டு வருவேன், இவர் பாதியைத் தின்னுட்டு மூடிடுவார். அவ மிளகைத் தட்டிப் போட்டு, வாழை இலைக் கிழிசல்ல மடிச்சுக் கொண்டு வந்து, "சாருக்கும் ரெண்டு"ன்னு நர்ஸுகிட்ட கொடுத்து அனுப்புவா. அது முழுக்க உள்ள போகும். மிளகுதான் வித்தியாசம்னு மறுநாள் நானும் போட்டேன். "காரமா இருக்கு தேனு"ன்னுட்டார்.

எங்க விட்டேன்? ஆங், புது கிட்னின்னு சொன்னேனே, அதுக்குன்னே இங்க ஒரு மேடம். கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவா பேசுற ஒருத்தங்க இருக்காங்க. இன்னிக்கு உங்களைப் பார்த்துப் பேசியிருப்பாங்களே? அவங்கதான். எங்க வீட்டுக்காரர் சேர்ந்த ரெண்டாவது மாசம் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினாங்க. கிட்னி மாத்துறதுன்னா சர்க்கார் பட்டியல்ல பதிஞ்சு வைக்கலாம், ஆனா வரிசை நீளம். வீட்டுல யாராவது கொடுக்கிறதா இருந்தா சீக்கிரம் ஆகும், முதல்ல ஒரு ரத்த டெஸ்ட்டுதான், பொருந்தலேன்னா விட்டுடலாம். இப்படியெல்லாம் சொல்லிட்டு ஒரு மஞ்சத் தாள் கொடுத்தாங்க. அதைக் கொண்டு போய் அந்த லேப்ல காட்டணும், அவ்வளவுதான்.

என்கிட்ட பத்திரமா இருக்கு. கார் டேஷ்போர்டுல, அட்டை வந்த கவர் இருக்கு பாருங்க, அதுக்குள்ளேயே வச்சிருக்கேன். தொலைஞ்சிடக் கூடாதில்ல.

ஜெசிந்தா ஒரு தடவை இதோ, நீங்க உக்காந்திருக்கிற இந்த இடத்துல உக்காந்துதான் கேட்டா. "அக்கா, உங்க பிளட் குரூப் என்ன?"

"ஓ பாசிட்டிவ்."

"அய்யோ அக்கா, ஓ-ன்னா யாருக்கும் கொடுக்கலாமே! டெஸ்ட்டுக்குக் கொடுத்துட்டீங்களா? நான் நேத்துதான் கொடுத்தேன். ஊசியைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்துட்டேன், இவர் சிரிக்கிறார்."

எனக்கு சுருக்குன்னுச்சு. அடுத்தவங்க வீட்டு விஷயத்துல இவளுக்கு என்ன? "பையன் பிளஸ் டூ படிக்கிறான்மா"ன்னு சொன்னேன். நிஜம்தானே. பிளஸ் டூ பையனை வச்சுக்கிட்டு யாராவது ஆப்பரேஷன் டேபிள்ல ஏறிப் படுப்பாங்களா? இப்ப அவன் காலேஜ் சேர்ந்துட்டான், அது வேற. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. நான் படுத்துட்டா இவரை யார் கூட்டிட்டு வர்றது? கார் யார் ஓட்டுறது? காலைல யார் வந்து இடம் பிடிக்கிறது? அவரும் படுத்து நானும் படுத்தா அந்தக் கட்டத்தை எவனாவது பிடிச்சுக்க மாட்டானா?

ஆப்பரேஷன் முடிஞ்சா டயாலிசிஸ்க்கே வர வேண்டியதில்லையாம், அதனால கட்டமே தேவைப்படாதாம். காதர் பாய் ஒரு நாள் அப்படித்தான் சொல்லிட்டு ஹாஹான்னு சிரிச்சார். அந்த ஆளுக்கு என்ன தெரியும்? விசில் ஊதத் தெரியும்.

போன தை மாசம் ஜெசிந்தா கொடுத்துட்டா.

ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், கட்டம் காலி. புதன் காலி. வெள்ளியும் காலி. எட்டாவது கட்டில்ல வேற யாரோ ஒரு தாத்தா. நர்ஸுதான் சொல்லுச்சு, ரெண்டு பேருக்கும் நல்லபடியா முடிஞ்சுதுன்னு. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வீட்டுக்குப் போய், "சந்தோஷமா இருக்கு தேனு"ன்னு சொல்லிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஏன் இருக்காது? கட்டம் மறுபடி எனக்கே வந்துடுச்சே. அவசரம் இல்லாம ஆறுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கிறப்ப வரலாம். ஆனா பாருங்க, பழக்கம் விடல. இன்னமும் அஞ்சு மணிக்கே வந்துடுறேன்.

அதுக்கப்புறம் அவங்களைப் பார்த்தது சித்திரையில. டயாலிசிஸ் முடிஞ்சு இவரைக் கார்ல ஏத்தி உக்கார வச்சிட்டேன். கதவைச் சாத்தப் போறேன், பக்கத்துல ஆம்னி வந்து நிக்குது. செக்கப்புக்கு வந்திருக்காங்க. அட்டை இன்னும் ஒட்டியிருக்கு, போலியோ கால் போலியோ கால்தானே. ஜெசிந்தாதான் ஓட்டிக்கிட்டு வர்றா. இளைச்சுப் போயிருந்தா. கண்ணாடியை இறக்கி ஒரே சிரிப்பு.

"எடுக்கிறீங்களா அக்கா?"

எடுக்கத்தான் போறேன். ஆனா வாய்ல என்ன வந்துச்சு தெரியுமா? "இல்லம்மா, கொஞ்சம் நேரமாகும்."

"இருங்க, இருங்க. அவசரமே இல்ல. நாங்க இப்ப நடந்துக்குவோம்"னு சொல்லிட்டு மைதானத்துக்குப் போயிட்டா.

நாங்க இப்ப நடந்துக்குவோம்! கேட்டீங்களா பேச்சை? நானூத்திப் பன்னெண்டு அடியும் அவங்க ரெண்டு பேரும் நடந்து வர்றதை நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டு இருந்தேன். அவர் கட்டையை ஊன்றிக்கிட்டு முன்னாடி வர்றார். அவ இடது பக்கம் இடுப்பை ஒரு கையால பிடிச்சுக்கிட்டுப் பின்னால வர்றா. எதுக்கு அப்படிப் பிடிக்கணும்? மூணு மாசம் ஆச்சில்ல, தையல் ஆறியிருக்காதா? நாலு பேருக்குத் தெரியணும்னுதான்.

அருளப்பன் நேரா எங்க கார்கிட்ட வந்துட்டார். முகம் பளபளன்னு இருக்கு. தோள்ல ஒரு பை, அதுலேருந்து ரெண்டு லிட்டர் பாட்டில் தலையை நீட்டுது. இவர் பார்வை அதுலயே இருக்கிறதைப் பார்த்துட்டு அதைப் பின்னால மறைச்சார். "டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கார் சார்"னார், என்னவோ தப்புப் பண்ணினவர் மாதிரி.

எங்க வீட்டுக்காரர் சொன்னார், "மறைக்காதப்பா. குடி. நான் பார்க்கணும்."

"வேண்டாம் சார்."

"நின்னுக்கிட்டே, அண்ணாந்துன்னு சொன்னியே. குடிடா."

அந்த மனுசன் கட்டையைக் கார் மேல சாய்ச்சு வச்சுட்டு, அண்ணாந்து, கடகடன்னு குடிச்சார். சட்டையெல்லாம் வழியுது. கண்ணுலேருந்தும் வழியுது. இவர் அதைப் பார்த்துக்கிட்டே தொண்டையை ஏத்தி இறக்கினார், இவரே குடிக்கிற மாதிரி. அப்புறம் மெதுவா திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்.

ஜெசிந்தா என் கையைப் பிடிச்சு, "அக்கா, நீங்க இளைச்சுட்டீங்களே"ன்னா. என்னைப் பார்த்து அவ சொல்றா!

வீட்டுக்கு வந்து, டேஷ்போர்டைத் திறந்து அந்தக் கவரை எடுத்தா, மஞ்சத் தாள் வேற மாதிரி மடிஞ்சிருந்துச்சு. நான் நாலா மடிச்சு வச்சிருந்தேன், அது மூணா இருந்துச்சு. இவர் எப்பவோ எடுத்துப் பார்த்திருக்கார். நான் கேக்கல. அவரும் கேக்கல. டிராயிங் வாத்தியார் இல்லையா, மடிப்பு ஓரத்தோட ஓரம் சரியா இருந்துச்சு.

அதுலேருந்து தண்ணி டம்ளரைக் கொடுத்தா பாதியைக் குடிச்சிட்டுப் பாதியை வச்சிடுறார். "போதும் தேனு"ங்கிறார். ரெண்டு வருஷத்துல ஒரு நாள் கூட அவர் போதும்னு சொன்னது கிடையாது.

என்னைச் சொல்லுங்க. எவ ஒருத்தி இவ்வளவு பண்ணுவா? கார் ஓட்டக் கத்துக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஒரு அடி கூட அவரை நடக்க விடாம? ஆனா அவ ஒரு நாள் போய்ப் படுத்தா. ஒரே ஒரு நாள். ஆஸ்பத்திரி பூரா இன்னமும் அவ பேச்சுத்தான். இந்தச் சிஸ்டருங்க, காதர் பாய், என் புருஷன், எல்லாரும்.

இருங்க, உங்க பேரைக் கூப்பிடுறாங்க போல. அந்தக் கண்ணாடி மேடம்தான். என்னவாம்?

லேப்புக்கா?

மஞ்சத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களா? இன்னிக்கேவா? உங்க வீட்டுக்காரர் இப்பத்தானே உள்ள போனார்? ஒரு மணி நேரம் கூட ஆகலையே. நான் இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.

இல்ல, இல்ல, நல்லதுதான். போங்க. வாசல்ல இறங்கி, ரோட்டைத் தாண்டி, மைதானத்தை ஒட்டியே போனா கண்ணாடிக் கதவு வரும். ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்குமாம்.

நானா? கூடவா?

இல்லம்மா, கார் நிக்குது. நடந்து போறதுக்குக் கார் எதுக்குன்னு கேக்குறீங்களா? அதுக்கில்ல. திடீர்னு வேற அட்டைக்காரங்க யாராவது வந்து நகர்த்தச் சொன்னா ஆள் இருக்கணுமில்ல. நீங்க போயிட்டு வாங்க. பையை வேணா வச்சுட்டுப் போங்க, பார்த்துக்கிறேன்.

நான் எங்கயும் போக மாட்டேன். யாரை வேணா கேட்டுப் பாருங்க, ரெண்டு வருஷத்துல இந்த இடத்தை நான் ஒரு நாள் விட்டுக் கொடுத்தது கிடையாது.